கஞ்சிதான் கொடுத்தேன்

ஜோலார்பேட்டையில் இருக்கும் என் மூத்த மகனுக்கு, ஆம்பூரிலிருந்து அம்மா எழுதுகிறேன். பிள்ளைகள் நலமா, அங்கே மழை உண்டா என்றெல்லாம் கேட்க இப்போது எனக்கு நிதானம் இல்லை. இதை நீ தனியாகப் படித்து மடித்து வைத்துக்கொள்ள வேண்டாம். வாசலில் உட்கார்ந்து, உன் பெண்டாட்டி, உன் அத்தை, பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்கும்படி சத்தமாகப் படி. நடுவில் வெட்கம் வந்து நிறுத்திவிடாதே. வெட்கப்பட வேண்டியவள் நான், நீ இல்லை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ரயில்வே ஷெட்டில் வேலை மாற்றிப் போட்டதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய். உடம்பு கொஞ்சம் இளைத்திருக்கிறது, தாகம் ஜாஸ்தி என்று ஒரே வரி. அதன் கீழே ரத்தினம்மா தன் கையால் நாலு வரி எழுதியிருந்தாள். அவளுக்கு நல்ல கையெழுத்து. "அத்தே, அவர் நீர் விடற எடத்துல எறும்பு வருது. நீங்க பயப்படாதீங்க. இனிப்புன்னு ஒரு துளி கண்ணுல காட்டல. மாமாவுக்கு நீங்க செஞ்ச மாதிரியே வேளாவேளைக்குக் கஞ்சிதான் குடுக்கறேன். முனியம்மா அத்தைதான் சொல்லிக் குடுத்தாங்க." முறத்தில் முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. மறுபடி படித்தேன். எனக்குப் படிப்பு மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரைதான், தப்பாகப் படித்துவிட்டோமோ என்று எழுத்துக் கூட்டியும் பார்த்தேன். கஞ்சி என்றுதான் இருந்தது. நீங்க செஞ்ச மாதிரியே என்றுதான் இருந்தது. கீரையை முறத்தோடு விட்டுவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் நான் வாயை மூடிக்கொண்டதன் பலன் இவ்வளவு தூரம் நடந்து, உன் வீட்டு அடுப்புக்கு வந்து சேரும் என்று நான் நினைக்கவே இல்லை.

உன் நைனாவை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. உனக்கு அப்போது பத்து வயசு. அவர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர். காலையில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுவார், மத்தியானத்துக்கு மேல் ஆவாரம்பட்டை ஊறும் தொட்டியில் நிற்பார். கால் முட்டி வரை காவி நிறமாக இருக்கும். வேலிப் பக்கத்தில் அவர் நீர் விட்ட இடத்தில் எறும்பு சாரிசாரியாக வந்ததை முதலில் பார்த்தவள் நான்தான். சொன்னபோது சிரித்தார். "எறும்புக்குக்கூட என் மேல பாசம் ஜாஸ்தி, உனக்குத்தான் கம்மி" என்றார். நான் பயந்துபோய் அவர் தங்கச்சி, உன் முனியம்மா அத்தைக்குப் பள்ளிகொண்டாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி நீ, நாள் பூரா ஆவாரைத் தண்ணியில நிக்கறவனுக்கு நீரிழிவு எங்கேர்ந்து வரும்?" என்றாள். அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, தெருவே அப்படித்தான் நம்பியது. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று பெரியவர்கள் சொன்னது எல்லோர் வாயிலும் இருந்தது. நீரிழிவுக்கென்று ஊருக்கெல்லாம் பூவைக் கஷாயம் வைத்துக் கொடுக்கிற செடி அது, அதன் பட்டையிலேயே குளிக்கிறவனுக்கு என்ன வரும் என்று நாங்கள் ஒரு வருஷத்தைத் தொலைத்தோம்.

பிறகு வைத்தியர் ஒருவர் நாடி பார்த்து நீரிழிவுதான் என்றார். இனிப்பைத் தொடாதே என்றார். பட்டை இடிக்கிற இடத்தில் தூசி தொண்டையை அடைக்கும், அதற்காக அங்கே வேலை செய்கிறவர்கள் ஒரு துண்டு வெல்லத்தை மடியில் வைத்திருப்பார்கள், உனக்குத் தெரியும். உன் நைனா மடியில் இருந்ததை நானே பிடுங்கி எறிந்தேன். வீட்டில் வெல்லப் பானையைக் கவிழ்த்தேன். பதநீர் கிடையாது, பனம்பழம் கிடையாது. அந்த வருஷம் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கவில்லை என்று நீ புரண்டு அழுதாய், உன்னை அடித்தேன். கெங்கையம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அன்றிலிருந்து அவர் நாக்கில் என் கையால் ஒரு இணுக்கு இனிப்பு படவில்லை.

கஞ்சி கொடுத்தேன். நோயாளிக்குக் கஞ்சிதானே. அப்போது நம் வீட்டில் அரிசி தினம் ஏது? நீயும் உன் தங்கச்சியும் நானும் கேழ்வரகுதான் தின்றோம். அவருக்கு மட்டும் அரிசி வாங்கி, குழையக் குழைய வேகவைத்து, கடைந்து, உப்புப் போட்டு, பருக்கை தெரியாதபடி நீர்க்கக் கரைத்துக் கொடுத்தேன். நீங்கள் இரண்டு பேரும் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டு கூழ் குடிப்பீர்கள். அவருக்கு எந்நேரமும் பசி, எந்நேரமும் தாகம். கஞ்சி இரண்டுக்கும் ஆகும் என்று ஒரு நாளைக்கு ஐந்து ஆறு சொம்பு குடித்தார். குடிக்கக் குடிக்கத் தாகம் ஏறியது. தாகம் ஏற ஏற நான் இன்னும் ஒரு சொம்பு ஊற்றினேன். நோன்பு மாதத்தில் ஷாப்பு முதலாளி சாயபு வீட்டிலிருந்து சாயங்காலம் நோன்புக் கஞ்சி வரும். அதையும் உங்கள் வாய்க்குக் காட்டாமல் அவருக்கே எடுத்து வைத்தேன். தண்ணீர் மாதிரிதானே இருக்கிறது, இதில் என்ன கெடுதல் என்று நினைத்தேன். ஆள் என் கண்ணெதிரே கரைந்துகொண்டே போனார். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் சுண்ணாம்புக் குழியிலிருந்து அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். கூட நின்றவன் குழியில் ரத்தம் மிதப்பதைப் பார்த்திருக்கிறான். "அண்ணே, எரியலையா?" என்று கேட்டதற்கு இவர் எது எரியணும் என்று கேட்டிருக்கிறார். நான் காலைக் கழுவிப் பார்த்தேன். உள்ளங்காலில், குதிங்காலுக்குப் பக்கத்தில், ஆவாரங்குச்சி ஒன்று அரை விரல் நீளத்துக்கு ஏறி ஒடிந்திருந்தது. சுற்றிலும் சதை கறுத்திருந்தது. அதோடுதான் நாலைந்து நாளாகச் சுண்ணாம்பில் நின்றிருக்கிறார். நான் பிடுங்கினபோது என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரியவே இல்லை. நான் அப்போதுதான் அழுதேன். வலித்திருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

வேலூருக்குக் கூட்டிப்போனோம். காட்பாடி வரை ரயில், அங்கிருந்து ஜட்கா வண்டி. முனியம்மாவும் கூட வந்தாள். ஒரு மருந்துச்சாலையில் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு நீரைப் பிடித்துவரச் சொன்னார். அங்கே இருந்த கம்பவுண்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் நீரைச் சில துளி விட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்க வைத்தார். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, அப்புறம் சூளையில் வெந்த செங்கல் மாதிரி சிவந்து அடியில் படிந்தது. நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. கம்பவுண்டர் குழாயை என் முகத்துக்கு நேராக நீட்டி, "இன்னாம்மா, எவ்ளோ வெல்லம் குடுத்த?" என்றார். இல்லை என்றேன். "நீ பொய் சொல்லலாம், குழாய் சொல்லாது" என்றார். நான் பதில் சொல்வதற்குள் முனியம்மா பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். அது இன்னும் என் காதில் இருக்கிறது.

"சாவட்டும்னு குடுத்தியா அண்ணி?"

உன் அத்தை பக்கத்தில் இருந்தால் இந்த வரியை இரண்டு முறை படி. அவள் மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை. அன்று அவள் கட்டியிருந்த சேலையின் கரைகூட எனக்குத் தெரியும், பச்சைக் கரை. என் புருஷன் எதிரில், ஊர் பேர் தெரியாத ஆண்கள் எதிரில் கேட்டாள்.

நான் கம்பவுண்டரைப் பார்த்து, "நாங்க இங்கயே தங்கறோம். வெளியேர்ந்து ஒரு பருக்கை உள்ள வராது. உன் கண்ணு முன்னாடி ஆக்கறேன், உன் கண்ணு முன்னாடி குடுக்கறேன். தெனம் உன் குழாயைக் காட்டு" என்றேன். முனியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுநாளே ஊருக்குப் போய்விட்டாள். நான் மருந்துச்சாலைக்குப் பின்பக்கம் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினேன். முதல் சில நாளைக்குக் கீரை, முட்டை, கறி, மோர், இதைத் தவிர எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பவுண்டர் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு நாள் என் முந்தானை முடிச்சையே அவிழ்த்துக் காட்டச் சொன்னார், அதில் பாக்குத்தான் இருந்தது. இரண்டாம் நாள் குழாயில் செங்கல் போய் மஞ்சள் வந்தது. மூன்றாம் நாள் இலைப் பச்சை. நாலாம் நாள் நீலம் நீலமாகவே நின்றது, உன் நைனாவின் தாகமும் பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. அவர் குழாயைப் பார்த்து, "எறும்புங்க இனிமே பட்டினிதான்" என்றார்.

அப்போதே சும்மா இருந்திருக்கலாம். எனக்கு முனியம்மாவை ஜெயிக்க வேண்டும். இந்த நாலு நாள் நான் பயந்து வெல்லத்தை நிறுத்தினேன் என்று அவள் சொல்ல மாட்டாளா? அதனால், வீட்டில் நான் என்ன கொடுத்தேனோ அதையே இங்கே ஆக்கிக் கொடுக்கிறேன், அதற்கும் குழாய் நீலமாகத்தான் இருக்கும், அதை நீங்களே அவளிடம் சொல்ல வேண்டும் என்று கம்பவுண்டரிடம் பிடிவாதம் பிடித்தேன். டாக்டர் ஒரே ஒரு வேளைக்குச் சம்மதித்தார். வீட்டில் செய்வது போலவே அரிசியைக் குழைய வைத்துக் கடைந்து, உப்புப் போட்டு, இரண்டு சொம்பு கொடுத்தேன். ஐந்து நாழிகை கழித்து நீரைப் பிடித்தார்கள். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு விளக்குக்குப் பக்கத்தில் நின்றேன். நீலம் கலங்கியது. சேறு மாதிரி ஆனது. அப்புறம் முதல் நாள் பார்த்த அதே செங்கல் அடியில் வந்து உட்கார்ந்தது.

கம்பவுண்டர் குழாயை ஓரமாக வைத்தார். பிறகு என்னை முதல் தடவையாக மரியாதையாகப் பார்த்தார். "வெல்லம் குடுக்கலன்றது நெஜம்தாம்மா. நான் கூடவே நின்னேன். இது உன் கஞ்சி." நான் நம்பவில்லை. கஞ்சி உப்பாக இருக்கிறது, அதில் ஏது சர்க்கரை என்று சண்டைக்குப் போனேன். அவர் சட்டி அடியில் கடைபடாமல் ஒட்டியிருந்த சோற்றை ஒரு வாய் எடுத்து, உப்பில்லாமல் கழுவி, என் கையில் வைத்தார். விழுங்காமல் மென்றுகொண்டே இரு என்றார். மென்றேன். முதலில் ஒன்றுமில்லை. நூறு எண்ணுகிற நேரம் போயிருக்கும். என் வாய்க்குள்ளேயே அது இனித்தது. பிறந்தது முதல் சோறு தின்கிறேன், பசியோடு உட்காருகிறவள் எந்த நாளில் அத்தனை நேரம் மென்றிருக்கிறேன்? துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சோறு உள்ளே போய் ரத்தத்தில் சர்க்கரையாக ஏறுகிறது, ரத்தம் தாங்காமல் நீரில் கொட்டுகிறது, எறும்பு அதற்குத்தான் வருகிறது என்று அவர் சொன்னது எனக்கு எங்கேயோ தூரத்தில் கேட்டது. பதினோரு மாதம், ஒரு நாளைக்கு ஐந்து ஆறு சொம்பு. உங்கள் வாயைக் கட்டி அவருக்கு ஊற்றியது அதுதான்.

அதற்குப் பிறகும் ஐந்து நாள் இருந்தோம். அந்தக் கம்பவுண்டர் நல்ல மனுஷன். ஏழைகள் எதைத் தின்பார்கள் என்று அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை. டாக்டரைக் கேட்டு, வேளைக்கு ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தோம். நான் கண்டதைச் சொல்கிறேன், ரத்தினம்மாவும் கேட்டுக்கொள்ளட்டும். கேழ்வரகை நீர்க்கக் கரைத்துக் கூழாகக் குடித்தால் குழாய் சிவக்கத்தான் சிவந்தது. அதே மாவைக் கெட்டியாகக் களி கிண்டி, எலுமிச்சை அளவு மட்டும், நிறையக் கீரையோடு கொடுத்தபோது மஞ்சளோடு நின்றது. களிதானே, ஒன்றும் செய்யாது என்று அடுத்த வேளை இரண்டு கவளம் கூட வைத்தேன், சிவந்துவிட்டது. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் ஜவ்வரிசிக் கஞ்சியும் கேட்கவே வேண்டாம். நோயாளிக்கு என்று டீக்கடையில் வாங்கித் தருகிறார்களே பன்னு, அதுவும் அப்படித்தான். வேகவைத்த வேர்க்கடலை ஒரு பிடிக்குப் பச்சைதான் வந்தது. கொள்ளுச் சுண்டலுக்கு மஞ்சள் பாதி பச்சை பாதி. முட்டைக்கும் கறிக்கும் முருங்கைக் கீரைக்கும் நீலம் அசையவில்லை. ஆவாரம்பூக் கஷாயத்தைக் குடித்துவிட்டு மேலே ஒரு சொம்பு கஞ்சி குடித்தாலும் கஞ்சி கஞ்சியாகத்தான் வேலை செய்தது. நாக்கில் இனிக்கிறதா என்று பார்த்துப் பிரயோஜனமில்லை. தண்ணீராக இருக்கிறதே என்று ஏமாறவும் கூடாது. குழையக் குழைய, கரையக் கரைய அது சீக்கிரம் ஓடி ஏறுகிறது. ஆனால் இது உன் நைனா உடம்பு சொன்னது. உன் உடம்பு என்ன சொல்கிறதோ, அதை உன் குழாயில்தான் பார்க்க வேண்டும்.

இனி நான் ஒளித்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் நாள் எங்களைக் கூட்டிப்போக முனியம்மா வந்தாள். கம்பவுண்டர் அவளைக் கூப்பிட்டு, "உங்க அண்ணி மேல சந்தேகப்படாதீங்க. வெல்லம் தொடவே இல்ல" என்றார். அவர் மேலே சொல்ல வாயெடுத்தார். நான் நடுவில் புகுந்து, ஜட்கா நிற்கிறது, கிளம்பலாம் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். உன் நைனா கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கஞ்சியை நிறுத்திவிட்டேன். யார் கேட்டாலும் அவருக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். ஆனால் கால் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கறுப்பு மேலே ஏறியது. ஐப்பசியில் போய்விட்டார்.

சாவு வீட்டில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். நான் எழுந்து நின்று, "கஞ்சியைத் தவிர ஒண்ணும் குடுக்கல, வேலூர்க் கம்பவுண்டரே சாட்சி" என்றேன். முனியம்மா ஓடிவந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தூக்கவில்லை. அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து தெருவில் எனக்கு நல்ல பேர். புருஷனுக்குப் பத்தியம் பார்த்தால் அவளைப் போலப் பார்க்க வேண்டும் என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து, மூன்றாம் வீட்டு மேஸ்திரிக்கு இதே சீக்கு வந்தபோது அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து, "நீ கஞ்சிதானே குடுத்த?" என்று கேட்டாள். என் மகனே, நான் ஆமாம் என்றேன். இல்லை என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் முனியம்மா காதுக்குப் போகும். மேஸ்திரி ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. அது கஞ்சியால்தானா என்று எனக்குத் தெரியாது. அவன் பெண்டாட்டி கிணற்றடிக்கு வந்தால் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன், அது மட்டும் தெரியும்.

நல்ல பேர் அப்படியே வளர்ந்திருக்கிறது. பள்ளிகொண்டாவில் பிள்ளைகள் கைவிட்டு உன்னிடம் வந்து சேர்ந்த உன் அத்தை, இத்தனை வருஷம் கழித்து, மனசார என்னைப் புகழ்ந்து, என் மருமகளுக்கு என் பத்தியத்தையே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவள் இருக்கிறாள் என்பதற்காகவே உன் வீட்டுப் படியேறாமல் இருந்தேன். பேரனுக்கு மொட்டை போட்டபோதுகூட வரவில்லை. ஆயா ஏன் வரவில்லை என்று அவன் கேட்டதாக எழுதினாய், முட்டி வலி என்று பதில் போட்டேன். முட்டிக்கு ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஷெட்டில் லீவு சொல்லி வை. அங்கிருந்து நேராக வேலூருக்குப் போகிறோம். இப்போது இதற்கு ஊசி மருந்து வந்திருக்கிறது என்கிறார்கள். உன் நைனாவுக்கு அது இல்லை, உனக்கு இருக்கிறது. அதுவரை வெறுங்காலோடு நடக்காதே. தினம் ஒரு தடவை ரத்தினம்மா உன் உள்ளங்காலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கட்டும். உனக்கு வலிக்கவில்லை என்று நீ சொல்வதை அவள் நம்பக் கூடாது.

முனியம்மா, நீயும் கேட்டுக்கொண்டிருப்பாய். வேலூரில் நீ கேட்டதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. நான் வெல்லம் கொடுக்கவில்லை. சாகட்டும் என்றும் கொடுக்கவில்லை, பிழைக்கட்டும் என்று கொடுத்தேன். ஆனால் உன் அண்ணனுக்குச் சர்க்கரை ஊற்றியது என் கைதான். கஞ்சிதான் கொடுத்தேன்.

இதைப் படிக்கிற இந்த நேரத்திலும் அடுப்பில் ஒரு சட்டி கொதித்துக்கொண்டிருக்கும். ரத்தினம்மா, எழுந்து போய் அதை இறக்கு.